கம்பியை நெரிக்காத வேலிக்கால்

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகும் வழியில், கரிசல் காடுகளின் ஓரத்தில் இரும்புக் கால் நட்ட வேலிகளைப் பார்க்கலாம். நாலைந்து மழை கண்ட வேலியாகப் பார்த்து, ஒரு காலின் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள். மேல்பாதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெயின்ட் வெளுத்திருக்கும். சிமெண்ட் முடிகிற இடத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது. அங்கே இரும்பு ஏடு ஏடாகக் கிளம்பி நிற்கும். சாவியால் கீறினால் பொருக்கு உதிரும். அப்படியே கண்ணை மேலே கொண்டுபோனால் அடுத்த இடம்: முள்கம்பியைக் காலோடு சேர்த்துக் கட்டிய கருப்புக் கட்டுக்கம்பி இற்று, தொட்டதும் ஒடியும். முள்கம்பி அந்தக் காலில் சும்மா சாய்ந்துகொண்டிருக்கும்.

இரும்புக் கால் வேலி சாவது இந்த இரண்டு இடத்தில்தான். தரை மட்டத்தில் கால் அரிக்கிறது; கட்டுமிடத்தில் கம்பி கழல்கிறது. அங்கே செலவழிக்க வேண்டிய பணத்தை 'எல்' வடிவ இரும்பான ஆங்கிளின் கனத்திலும் பெயின்டின் பளபளப்பிலும் போடுகிறோம். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் அந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான்.

கல்லுக்கால் பற்றி ஒரு வார்த்தை. மேலூர்ப் பக்கம் கல் கிடைக்கிற ஊர்களில் கல்லுக்கால் நடுவதில் தப்பே இல்லை, கல் துருப்பிடிக்காது. ஆனால் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், 7 அடி நீளக் கல் ஒன்று 80 கிலோவுக்குமேல் இருக்கும். ஏற்ற, இறக்க, நிறுத்த ஆள் வேண்டும். டிராக்டர் டிரெய்லர் இடித்தால் கல் வளையாது, தரையோடு ஒடிந்துவிடும். சொரசொரப்பான கல்லைச் சுற்றி வரும் கம்பி, காற்றில் ஆடி ஆடித் தன் மேல்பூச்சைத் தானே தேய்த்துக்கொள்ளும். இரும்புக்கால் வளையும், நிமிர்த்தலாம். துளை போட்டுக் கம்பியை ஒழுங்காகப் பிடிக்கலாம். அதைச் செய்யாமல் இரும்பைக் கல்லைப் போலவே நட்டு, கல்லைப் போலவே சுற்றிக் கட்டினால் இரும்பு வாங்கியதில் லாபமில்லை.

ஆங்கிளா, குழாயா

எடைக்கு எடை பார்த்தால் குழாய்தான் பலம். ஒன்றரை அங்குல மீடியம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் 3.2 மி.மீ., மீட்டருக்கு 3.56 கிலோ. 50 × 50 × 6 ஆங்கிள், அதாவது இரண்டு பட்டையும் 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 4.5 கிலோ. 75 கிலோ ஆள் தன் முழு எடையளவு விசையோடு 1.2 மீட்டர் உயரத்தில் காலைத் தள்ளினால், குழாயின் அடியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 184 நியூட்டன் அழுத்தம் வரும். 50 ஆங்கிளில் அது 245. சாதாரண கட்டுமான இரும்பு 250-க்குமேல் போனால் வளைந்தது வளைந்ததுதான். இதே கணக்கை 40 × 40 × 5 ஆங்கிளுக்குப் போட்டால் 460-ஐத் தாண்டுகிறது. கிலோவுக்கு விலை பார்த்து 40 ஆங்கிள் வாங்குகிறவர்களின் வேலியில் கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியிருந்தும் காட்டு வேலிக்கு நான் ஆங்கிளைத்தான் சொல்வேன். குழாய்க்கு உட்புறம் இருக்கிறது. ஆங்கிளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று ஒன்று இல்லை. குழாயின் மூடி கழன்றாலோ, கம்பி கட்டத் துளை போட்டாலோ மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் நிற்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும்போது நாள் முடிந்திருக்கும். ஆங்கிளில் எல்லாப் பக்கமும் பிரஷ் போகும், துத்தநாகமும் போகும், கம்பி தொடுவதற்குத் தட்டையான முகமும் இருக்கிறது.

வாங்கும்போது டேப்பை மட்டும் நம்பாதீர்கள். 6 மி.மீ. என்று சொல்லி 5 மி.மீ. தருவது இந்த வியாபாரத்தில் நடக்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள 50 × 50 × 6 ஆங்கிள் ஒன்று 27 கிலோ இருக்க வேண்டும். 5 மி.மீ. என்றால் 23 கிலோவுக்குள் வந்துவிடும். எடை மேடையில் ஒரே ஒரு முழு நீளத்தைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

காலின் நீளம் 2 மீட்டர் போதும். 6 மீட்டரை மூன்றாக வெட்டினால் துண்டு மிஞ்சாது. தரைக்குமேல் 1.4 மீட்டர், கீழே 0.6 மீட்டர். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் 64 மீட்டர் அளவில் வரும். சுற்றளவு 254 மீட்டர். 2.5 மீட்டருக்கு ஒரு கால் என்றால் 102 கால், அதாவது 34 நீளம், 918 கிலோ. மூலைக்கும், நடுவழியில் கம்பியை இழுத்துக் கட்டும் இழுவைக்கும் வருகிற கனமான கால்கள் இந்த எண்ணிக்கையில் சில இடைக்கால்களுக்குப் பதிலாக நிற்கும்.

துத்தநாகம் கடைசியில்தான்

வேலை வரிசை முக்கியம். வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் ஹாட் டிப் கால்வனைசிங். ஜி.ஐ. ஆங்கிளை வாங்கி வந்து பட்டறையில் வெல்டிங் வைத்தால், வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும். அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் கொடுக்கும். துரு அந்த வெல்டில்தான் ஆரம்பிக்கும்.

450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பது ஹாட் டிப். 5 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட தடிமனுக்கு ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தரம் கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம். அது சுமார் 85 மைக்ரான் கனம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). மின்முலாம் பூசிய நட்டு போல்ட்டில் இருப்பது பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான்தான். இரண்டும் பளபளக்கும். மதுரை மாதிரிக் கடலிலிருந்து தள்ளியிருக்கிற வறண்ட ஊரில், தொழிற்சாலைப் புகை இல்லாத இடத்தில், வெறும் காற்று ஆண்டுக்கு 2 மைக்ரானுக்கும் குறைவாகத்தான் துத்தநாகத்தைத் தின்னும். 85 எத்தனை காலம் வரும், 10 எத்தனை காலம் வரும் என்பதை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்கு அனுப்புமுன் வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட வேண்டும். கசடு, பெயின்ட், மார்க்கர் மை இருக்கிற இடத்தில் துத்தநாகம் ஒட்டாது. கருப்புப் புள்ளியாக நிற்கும். துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடச் சிறிதாக இருந்தால் துத்தநாகம் துளையை அடைத்துவிடும். பிறகு ட்ரில் விட்டுத் திறந்தால் பூச்சு போச்சு. அதனால் 6 மி.மீ. ஆங்கிளில் 8 மி.மீ. துளை. கட்டாயம் குழாய்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டு முனையிலும் காற்றுப்போக்குக்கு வழி விட்டுத்தான் அனுப்ப வேண்டும். மூடிய குழாய்க்குள் இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகி வெடிக்கும், தொட்டியருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

எல்லா ஊரிலும் ஹாட் டிப் தொட்டி இருக்காது. கப்பலூரிலோ கே.புதூரிலோ தொழிற்பேட்டைப் பட்டறையில் துளை வேலையை முடித்து, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒரு லோடாக அனுப்பினால் வண்டிக்கூலி கட்டும். திரும்பி வந்த கால்களை மழையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்காதீர்கள். இடுக்கில் தண்ணீர் நின்றால் சுண்ணாம்பு பூத்தது போல் வெள்ளைத் துரு வரும். நடுவே குச்சி கொடுத்து, ஒரு பக்கம் சாய்த்து அடுக்கினால் போதும்.

பிடி

இனி கம்பி. ஒரு கால் கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வேலிகள் தப்பாகப் போகின்றன. இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைத்து ஒவ்வொரு காலிலும் கம்பியை நெரித்துவிடுகிறோம்.

இரண்டு கால்களுக்கு நடுவே 2.5 மீட்டர். ஒரு மாடு கழுத்தை விட்டு நடுக்கம்பியை 15 சென்டிமீட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். அந்தத் தள்ளலுக்குக் கம்பி 18 மி.மீ. கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கக் காலிலும் கம்பி நகர முடியாமல் நெரிபட்டிருந்தால், அந்த 18 மி.மீ. முழுவதும் இந்த 2.5 மீட்டரிலிருந்தே வந்தாக வேண்டும், 0.7 சதவீதத்துக்கும் மேல் நீட்சி. சாதாரண முள்கம்பி அதைத் தாங்கித் திரும்பாது, நீண்டது நீண்டபடி தொங்கும். அல்லது கட்டு அறும். இதே கம்பி ஒவ்வொரு காலிலும் வழுக்கிப் போக விட்டிருந்தால், 18 மி.மீ. 50 மீட்டர் நீளம் முழுக்கப் பங்காகும். நீட்சி 0.04 சதவீதம்கூட வராது. மாடு விலகியதும் கம்பி தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஆகவே இடைக்கால் செய்ய வேண்டியது ஒன்றே: கம்பியை அதன் உயரத்தில் வைத்திருப்பது. மேலே போகக்கூடாது, கீழே இறங்கக்கூடாது, காலை விட்டு வெளியே வரக்கூடாது. நீளவாக்கில் ஓடலாம். கம்பியைப் பிடித்து நிறுத்தும் வேலை மூலைக்காலுக்கும் இழுவைக்காலுக்கும் மட்டுமே.

இப்போது வழக்கத்திலுள்ள பிடிகளைப் பாருங்கள். கருப்புக் கட்டுக்கம்பி சென்ட்ரிங் வேலைக்கு உள்ளது; 20 கேஜ், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, பூச்சும் இல்லை. அது கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய பொருள், வெயில் மழையில் நிற்க வேண்டியதல்ல. ஆங்கிள் விளிம்பில் பிளேடால் வெட்டு போட்டுக் கம்பியை அதில் உட்கார வைப்பது இன்னொரு வழக்கம். இறுக்கம் தளர்ந்த அன்றே கம்பி வெட்டிலிருந்து துள்ளி வெளியே வரும். அதைவிடப் பெரிய கேடு, வெட்டு விழுகிற இடம். காலைத் தள்ளும்போது ஆங்கிளின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையின் ஓரத்தில்தான் அழுத்தம் உச்சம். அங்கே வெட்டினால் கால் அந்த வெட்டில்தான் மடங்கும். கம்பி தொடுகிற முன்பட்டையில் அழுத்தம் அதில் பாதிக்கும் குறைவு. துளை போடுவதானால் முன்பட்டையில் மட்டும் போடுங்கள். 6 மி.மீ. கம்பியை வளைத்து வெல்டிங் வைக்கும் திறந்த கொக்கி ஆட்டுக்குப் பரவாயில்லை, காட்டுப்பன்றிக்கு ஆகாது. பன்றி கீழ்க்கம்பியை மூக்கால் மேலே நெம்பும். மேலே திறந்த கொக்கி உடனே கம்பியை விட்டுவிடும். சிறுமலை அடிவாரத்து வாடிப்பட்டிப் பக்கமும், சாப்டூர், அழகர்மலைப் பக்கமும் வேலி போடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

நான் சொல்லும் பிடி எளிமையானது. ஒவ்வொரு கம்பிக்கும் முன்பட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு துளை, 8 மி.மீ. விட்டம், மையத்துக்கு மையம் 20 மி.மீ. அதில் 10 கேஜ் ஜி.ஐ. கம்பியில் செய்த 'ப' கொக்கி. 110 மி.மீ. துண்டாகக் கம்பியை வெட்டி, 16 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டின்மேல் வைத்து வளைத்தால் கால்கள் சரியாகத் துளை அகலத்துக்கு வரும். முள்கம்பி கொக்கியின் வளைவுக்குள் வருமாறு முன்னாலிருந்து குத்தி, பின்னால் நீட்டும் 30 மி.மீ. முனைகளில் ஒன்றை மேலாகவும் ஒன்றைக் கீழாகவும் கட்டிங் பிளேயரால் மடக்குங்கள். மடக்குமுன் முள்கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் கம்பி ஓடுவதற்கான வழி. மடக்கிய பிறகு கம்பியைக் கையால் பிடித்து நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். அசைய வேண்டும். கொக்கிக்கு நேராக முள் வந்து மாட்டினால் கம்பியை இரண்டு விரல் தள்ளிவிட்டு மடக்குங்கள்.

வெல்டிங் கிடையாது, நட்டு கிடையாது, திருடுகிறவன் ஒரு நொடியில் கழற்றவும் முடியாது. கம்பி மாற்ற வேண்டுமானால் பின்முனையை நிமிர்த்தினால் கொக்கி கையோடு வரும். ஒரு ஏக்கருக்கு ஐந்து வரிசைக் கம்பி என்றால் 510 கொக்கி. 10 கேஜ் கம்பி 4 கிலோ போதும்.

உயரம் எந்தெந்த இடத்தில் என்பது வரக்கூடிய பிராணியைப் பொறுத்தது. ஆடு நிறைய மேய்கிற ஊர் என்றால் தரையிலிருந்து 150, 350, 600, 900, 1250 மி.மீ. ஆடு தலை நுழைந்த இடத்தில் உடம்பையும் நுழைத்துவிடும், அதனால் கீழே நெருக்கம், மேலே அகலம். எல்லாக் காலுக்கும் துளை ஒரே உயரத்தில் விழ, ஒரு ஆங்கிள் துண்டில் துளைகளைப் போட்டு அதை அச்சாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் போடச் சொல்லுங்கள். காஸ் கட்டிங்கில் துளை ஊதுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓரம் பிசிறாகி, அந்தப் பிசிறு கம்பியின் பூச்சை அரமாக அராவும்.

கம்பி காலின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விதி: தள்ளல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். வெளி ஆடுமாடு உள்ளே வராமலிருக்க வேலி என்றால் கம்பி வெளிமுகத்தில். அப்போது மாட்டின் பாரம் கம்பியைக் காலின்மேல் அழுத்தும். கொக்கி சும்மா இருக்கும். உள்முகத்தில் கட்டினால் முழுப் பாரமும் கொக்கியின் மடிப்பில் போய் விழும். வேலி வளைந்து போகிற இடத்தில் மட்டும் வளைவின் வெளிப்பக்கம் கம்பி வர வேண்டும்.

செயின்லிங்க் வலைக்கும் இதே கொக்கிதான். மேல், நடு, கீழ் என்று மூன்று 8 கேஜ் கம்பியை முதலில் இழுத்து, அதில் வலையைக் கட்ட வேண்டும். வலையை நேராகக் காலில் கட்டினால் வலைக்கண் இழுபட்டுத் தொங்கும்.

மூலைக்கால்

இழுவையெல்லாம் கடைசியில் வந்து சேர்வது மூலையில். கம்பி ஒன்றுக்கு 150 கிலோ இழுவை, ஐந்து கம்பி, 750 கிலோ. சராசரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டியே 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், தனியாக நிற்கும் 50 ஆங்கிள் தாங்கக்கூடியதைப்போல் ஆறு மடங்கு சுமை. எவ்வளவு கனமான ஆங்கிள் போட்டாலும் முட்டு இல்லாமல் மூலை நிற்காது. முட்டுக்காலை மிச்சம் பிடிக்கிற இடமாகப் பார்க்கிறவர்கள் வேலி முழுவதையும் தளர விடுகிறார்கள்.

மூலைக்கு 65 × 65 × 6 ஆங்கிள், நீளம் 2.2 மீட்டர், அதில் 75 சென்டிமீட்டர் குழிக்குள். முட்டு 50 ஆங்கிள். காலில் 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு 12 மி.மீ. போல்ட்டால் பிணைத்து, கம்பி ஓடும் திசையிலேயே வேலிக்கோட்டில் சாய்த்து ஊன்ற வேண்டும். மூலையில் இரண்டு கோடு சேர்வதால் இரண்டு முட்டு.

முட்டின் அடி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுணுக்கம். பலரும் 45 டிகிரியில், அதாவது 1.2 மீட்டர் தள்ளி ஊன்றுகிறார்கள். முட்டு காலை எதிர்த்துத் தள்ளும்போது கூடவே மேல்நோக்கியும் தூக்கும். 45 டிகிரியில் அந்தத் தூக்கு விசை முட்டு ஒன்றுக்கே ஏறக்குறைய 470 கிலோ. 45 × 45 சென்டிமீட்டர் அகலம், 75 ஆழமுள்ள கான்கிரீட் கட்டியின் எடையோ 365 கிலோ. மழையில் மண் இளகியதும் கட்டி மெல்ல எழும்பும். மூலைக்கால் கான்கிரீட்டோடு மேலே வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டின் அடியை 1.8 மீட்டர் தள்ளிவிட்டால் தூக்கு விசை முட்டு ஒன்றுக்கு 315 கிலோவுக்குக் குறைந்துவிடும், கட்டி எழும்பும் ஆபத்தும் அந்த அளவு குறையும். செலவு, முட்டில் அரை மீட்டர் ஆங்கிள் கூடுதல். முட்டின் அடியிலும் 45 சென்டிமீட்டர் கனசதுரக் கான்கிரீட் வேண்டும். வெறும் மண்ணில் குத்தி வைத்த முட்டு ஒரே மழையில் மண்ணுக்குள் புதைந்து போகும்.

கம்பியை மூலைக்காலில் சுற்றிக் கட்டாதீர்கள். ஆங்கிளின் கூர்முனை அதை அறுக்கும், பிறகு இறுக்கவும் வழியிருக்காது. கம்பி ஒன்றுக்கு ஒரு 12 மி.மீ. கண் போல்ட், 150 மி.மீ. மரை, 14 மி.மீ. துளை. ஆங்கிளின் முதுகு வேலி மூலையின் வெளிப்பக்கம் பார்க்க நின்றால் ஒரு பட்டை ஒரு கோட்டுக்கும், மற்றப் பட்டை மற்றக் கோட்டுக்கும் நேர்க்குறுக்காக வந்துவிடும். கண் உள்ளே, நட்டு வெளியே, நட்டுக்கடியில் 40 × 40 × 5 தகட்டு வாஷர், மேலே இன்னொரு பூட்டு நட்டு. இரண்டு கோட்டுக் கம்பிகளும் ஆங்கிளுக்கு உள்ளே குறுக்கிடும் என்பதால், ஒரு பட்டையின் துளைகளை மற்றதைவிட 25 மி.மீ. உயர்த்திப் போட வேண்டும். கண் போல்ட்டின் கண் வெல்டிங்கில் மூடியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மூடாத கண் இழுவையில் நிமிரும். கம்பியைக் கண்ணில் விட்டுத் திருப்பித் தன்மேலேயே எட்டுச் சுற்று முறுக்கினால் கழலாது.

50 மீட்டருக்குமேல் ஒரே இழுப்பில் போகாமல், நடுவே இரண்டு பக்கமும் முட்டுள்ள ஒரு இழுவைக்கால் நிறுத்துங்கள். ஒரு ஏக்கர் சதுரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று வரும். கேட்டை இழுவைக்காலில் மாட்டக்கூடாது. கம்பியின் இழுவை காலை இழுக்க, கேட் தரையில் உரசும். கேட்டுக்குத் தனிக் கால்.

எப்போது இழுப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சித்திரை வெயிலில் கம்பி 55 டிகிரிக்குப் போகும், மார்கழி விடியலில் 20-க்கு வரும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 50 மீட்டர் கம்பி 21 மி.மீ. நீளும். விடியற்காலைக் குளிரில் விறைப்பாக இழுத்த கம்பி மத்தியானம் தளர்ந்து தொங்குவதைப் பார்த்து மேலும் இழுத்தால், அடுத்த மார்கழியில் கம்பி ஒன்றுக்கு 80 கிலோ வரை கூடுதல் இழுவை மூலையில் ஏறும். பத்துமணி வெயிலில் இழுங்கள், மத்தியானத் தளர்வைப் பார்த்து நட்டை மேலும் ஏற்றாதீர்கள்.

தரையும் குழியும்

இடைக்காலுக்கு 30 × 30 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம். 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மூன்று குழி வரும். முக்கால் அங்குல ஜல்லி. குழியில் உடைகல்லும் மண்ணும் போட்டு மேலே மட்டும் கலவை பூசுவது இரும்புக்குச் செய்கிற துரோகம். இடுக்குகளில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும்.

காலைக் குழியின் அடிமண்ணில் நிறுத்தவும் கூடாது. 5 சென்டிமீட்டர் கலவை போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முனை மண்ணைத் தொட்டு அங்கிருந்து அரிக்கும். காலின் அடிமுனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் 12 மி.மீ. துளை போட்டு, 25 சென்டிமீட்டர் நீள 10 மி.மீ. முறுக்குக் கம்பியைக் குறுக்கே விடுங்கள். பிடுங்கித் தூக்கி எடைக்குப் போடுகிறவர்களுக்கு எதிரான பூட்டு அது. கான்கிரீட்டுக்குள் கால் சுழலாமலும் பார்த்துக்கொள்ளும்.

கான்கிரீட்டின் தலை தரைக்கு 5 சென்டிமீட்டர் மேலே எழுந்து, நாலு பக்கமும் பூச்சுக் கரண்டியால் சரித்துவிட்டதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு: தரை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கலவையை நிறுத்துகிறார்கள், மேலே மண் மூடுகிறது. காலைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் உருவாகி, மழைத்தண்ணீரும் பாய்ச்சிய தண்ணீரும் உரக்கரைசலும் அதில் தங்கும். காற்றும் ஈரமும் உப்பும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது. தொடக்கத்தில் சொன்ன நாலு விரல் அரிப்பு அங்கேதான் பிறக்கிறது. கலவை உலர்ந்த பிறகு, இரும்பும் சிமெண்டும் சந்திக்கும் கோட்டுக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிட்டுமன் (தார்) பெயின்ட் இரண்டு கை. காலை நிறுத்துமுன்பே கீழேயும் 15 சென்டிமீட்டருக்கு அதைப் பூசியிருக்க வேண்டும். ஹாட் டிப் செய்த காலுக்கும் இது வேண்டும். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, யூரியா மக்கும்போது வருகிற அமோனியாவும் துத்தநாகத்துக்கு ஆகாது. உரமூட்டையை வேலிக்காலில் சாய்த்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். உவர் நிலத்தில் கான்கிரீட் தலையை 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

செம்மண்ணில் இவ்வளவு போதும். கரிசல் வேறு. கோடையில் கை நுழையும் வெடிப்பு விடும், ஐப்பசி மழையில் உப்பும். குழியின் வாய் அகன்று அடி குறுகியிருந்தால், உப்புகிற மண் கான்கிரீட்டை ஆப்பு போல மேலே பிடுங்கிவிடும். கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் குழி 90 சென்டிமீட்டர் ஆழம், அடியில் 45 அகலம், வாய் 30. மேல் பக்கச்சுவர்கள் வழவழப்பாக இருக்க, கலவை போடுமுன் மேல் 30 சென்டிமீட்டருக்குப் பாலித்தீன் தாள் சுற்றிவிடுங்கள். மண் எழும்பும்போது தாளில் வழுக்கிப் போகும். கால் நீளம் அதற்கேற்ப 2.3 மீட்டர் வேண்டும். தை, மாசி நல்ல நேரம். மண் கையில் ஒட்டாது, கடப்பாரைக்கும் விடும்.

ஒன்றரை அடியில் பாறை தட்டுகிற நிலத்தில் குழி தோண்டப் போராட வேண்டாம். 150 × 150 × 8 தகட்டைக் காலின் அடியில் வெல்டிங் வைத்து, நாலு துளையோடு கால்வனைஸ் செய்து, பாறையில் போட்ட துளையில் 16 மி.மீ. மரைக்கம்பியை இறுக்கும் கலவையால் நிறுத்தி நட்டு போடலாம்.

முதலில் மூலைக்கால்கள், பிறகு நூல் கட்டி இடைக்கால்கள். தூக்குக்குண்டு இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். ஏழு நாள் சாக்கு போர்த்தி ஈரம் வையுங்கள். கம்பி இழுப்பது இரண்டு வாரம் கழித்துத்தான். மூன்றாம் நாளே இழுத்த வேலியில் முதலில் விட்டுப்போவது மூலைக் கான்கிரீட்.

ஆடிக்காற்றுக்கு முன் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பன்றிக்காகப் பழைய சேலை கட்டுவதும், நிழல்வலை கட்டுவதும் இப்போது பரவலாக இருக்கிறது. கம்பி வேலிக்குள் காற்று புகுந்து போகும், மூடிய துணிக்குள் போகாது. 2.5 மீட்டர் இடைவெளியை முழுக்க மூடிவிட்டால், விநாடிக்கு 30 மீட்டர் வேகச் சூறையில் ஒரு காலுக்கு 190 கிலோவுக்குமேல் தள்ளல் வரும். 50 ஆங்கிள் வளைந்துவிடும். கட்டுவதானால் கீழ் இரண்டடிக்கு மட்டும் கட்டுங்கள், அல்லது கால் இடைவெளியை ஒன்றரை மீட்டராக்குங்கள்.

இரும்புக் காலில் கரண்ட் கொடுக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் விட்டு மனிதர்கள் செத்திருக்கிறார்கள். மின்கம்பி வேலிக்கு மேலே கடக்கிற இடம் இருந்தால், அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வேலியை எர்த் செய்ய மின்வாரியப் பணியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன். கான்கிரீட் தலைமேல் ஏறியிருக்கும் மண்ணையும் சருகையும் தள்ளிவிட்டு, பிட்டுமன் உரிந்த இடத்தில் ஒரு கை பூசுங்கள். துத்தநாகம் சிராய்த்துச் சிவப்பு தெரிகிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, துத்தநாகம் மிகுந்த பெயின்ட் இரண்டு கை. வெறும் அலுமினிய பெயின்ட் நிறத்துக்கு ஒத்துப்போகும், இரும்பைக் காக்காது. கம்பி தளர்ந்திருந்தால் கண் போல்ட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இரண்டு சுற்று ஏற்றி, மறுபடி பூட்டுங்கள். மரையில் கிரீஸ் தடவி, ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூபைச் செருகி வைத்தால் அடுத்த வருடமும் நட்டு திரும்பும்.